இலையைத் தேடிப் போனால் பூச்சி கிடைக்கும்: ஏற்காடு படக் குறிப்புகள்

வெள்ளி இரவு

கோரிமேட்டில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதே வெயில் ஏறியிருந்தது. சேலத்திலிருந்து நேராக ஏறினால் ஏற்காடு ஒரு மணி நேரம்தான். பூச்சிப் படம் எடுக்கப் போகிறவனுக்கு அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளே ஒரு பகல் பிடிக்கும். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. கீழே முள்ளுக்காடு, கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு, நடுவில் மூங்கில், மேலே போகப் போகப் பசுமை மாறாத மரங்கள். செடி மாறுகிற இடத்திலெல்லாம் பூச்சியும் மாறும் என்பதால் வளைவுக்கு வளைவு நின்று பார்க்காமல் போக எனக்கு மனசு வராது.

கூட வந்திருப்பது அக்கா மகன். ஒன்பதாவது படிக்கிறான், காலாண்டு லீவு. அவன் கையில் என்னுடைய பழைய கேமராவும், லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கிட்டப் போய் எடுக்க உதவும் ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூபும். நான் சின்னப் பூச்சியைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஒரு ஃபிளாஷ், வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்க ஒரு டிஃப்யூசர், இவ்வளவுதான் எடுத்து வந்திருக்கிறேன். இந்த வேலைக்கு முக்காலி பெரும்பாலும் தொந்தரவு. அதை விரித்து வைப்பதற்குள் வண்ணத்துப்பூச்சி அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும்.

அடிவாரத்தில் சாலையோர மாமரம் ஒன்றில் முசுறு எறும்புக் கூடு தென்பட்டது. பச்சை இலைகளை இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்களின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் எறும்பு அது. கிளையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததில் ஒன்று மட்டும் வரிசையில் சேராமல் ஓரமாகவே நடந்தது. "மாமா, இதுக்கு கண்ணு பெருசா இருக்கு" என்றான் பையன். அவன் சொன்னது சரி. அது எறும்பே இல்லை, எறும்பு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு மீதி ஆறு காலில் நடக்கும். இரண்டு பகுதியான உடம்பை இடுப்பு இடுப்பாக ஒடுக்கி மூன்று துண்டாகக் காட்டும். லென்ஸை இன்னும் ஒரு விரல் அளவு கிட்டே கொண்டுபோனேன். சட்டென்று கிளையிலிருந்து விழுந்து ஒரு நூலில் தொங்கியது. எந்த எறும்பும் அப்படித் தொங்காது. முசுறைத் தின்னப் பயப்படும் பறவையும் குளவியும் இதையும் தொடுவதில்லை, அதற்காகத்தான் இத்தனை பாடு.

நடுவில் ஒரு வளைவில், பாறை கசிந்து சாலையோரம் சேறாகிக் கிடந்த இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எமிகிரண்ட் வகைகள்தான் அதிகம், நடுவே பச்சைப் புள்ளியோடு காமன் ஜே. சேற்றில் உப்பு உறிஞ்ச வருபவை பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சிய சோடியத்தை இணை சேரும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடுகின்றன, அது முட்டைக்குப் போய்ச் சேர்கிறது. இந்த மாதிரி இடத்தில் நின்றுகொண்டு எடுத்தால் இறக்கையின் மேல் விளிம்பு மட்டும்தான் வரும். தரையில் படுத்துவிட வேண்டும். இறக்கையும் கேமராவும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் நுனி முதல் நுனி வரை துல்லியமாகப் பதியும். பூச்சியின் நிஜ அளவிலேயே, ஒன்றுக்கு ஒன்றாகப் படம் எடுக்கையில், லென்ஸின் துளையை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் கூர்மை இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணின் மேல் வைத்துவிட்டால் மீதியைப் பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

இன்னும் மேலே, உண்ணிச்செடிப் புதரில் இரண்டு கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடித்தன. இரண்டிலும் பின்னிறக்கையில் சிவப்புப் பொட்டு, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை. இரண்டும் ஒரே வகை என்றுதான் பையன் எழுதப் போனான். உடம்பைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுக்கு உடம்பே ரத்தச் சிவப்பு: கிரிம்சன் ரோஸ். இன்னொன்றின் உடம்பு கறுப்பு: காமன் மார்மன் பெண். கிரிம்சன் ரோஸின் புழு ஆடுதீண்டாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் தின்று வளர்வது. ஆடே தொடாத அந்தக் கசப்பும் நஞ்சும் வளர்ந்த பூச்சியின் உடம்பிலும் இருக்கும். மார்மன் புழுவுக்குக் கறிவேப்பிலையும் ஆரஞ்சு இலையும்தான் சாப்பாடு, அதில் நஞ்சு ஏது? அதனால் பெண்களில் ஒரு பகுதி நஞ்சுள்ளதன் உருவத்தை வாங்கிக்கொண்டிருக்கின்றன. டபுள்செக்ஸ் என்கிற ஒற்றை மரபணுதான் இந்த உருவ மாற்றத்தை நடத்துகிறது என்று கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்டவர்கள் 2014ல் கண்டுபிடித்து எழுதினார்கள். படிக்கும்போது வியந்தேன். இரண்டும் ஒரே பூங்கொத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

உண்ணிச்செடியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்து நம் மலைகளை மூடிவிட்ட செடி அது. பூவில் தேன் உண்டு, வண்ணத்துப்பூச்சி மொய்க்கும், படமும் நன்றாக வரும். அதன் இலையை நம் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் தின்பதில்லை. தேன் மட்டும் கிடைத்து இலை கிடைக்காத இடத்தில் அடுத்த தலைமுறை பிறக்காது. படம் எடுக்க ஆரம்பித்த காலத்தில் பூவைத்தான் தேடுவேன். இப்போது இலையைத்தான் தேடுகிறேன்.

சனி இரவு

நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் தங்கியிருக்கிறோம். விடியற்காலை குளிரில் எழுவதற்குப் பையன் முனகினான், ஆனால் பூச்சிக்கும் அதே குளிர்தான். உடம்பு சூடேறும் வரை அவற்றால் பறக்க முடியாது. சூரியன் காபிச் செடியைத் தொடும் வரை கிடைக்கும் அந்த நேரத்தைப் போல மேக்ரோவுக்கு வேறு நேரம் கிடையாது. ஒரு தட்டான், இறக்கை முழுக்கப் பனித்துளியோடு, புல் நுனியைக் கட்டிக்கொண்டு தூங்கியது. அதன் கூட்டுக்கண்ணிலிருந்த துளிக்குள் தலைகீழாகக் காபித் தோட்டம். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இருக்கிற வெளிச்சத்திலேயே மெதுவாக எடுத்தேன்.

சிலர் பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கிப் படம் எடுக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் எழுந்து வந்தால் மலையே அந்த வேலையை எந்தக் கேடும் இல்லாமல் செய்து வைத்திருக்கிறது.

எட்டு மணிக்கு மேஸ்திரி வந்தார். இதே மலையில் பிறந்த மலையாளி பழங்குடிப் பெரியவர், காபிச் செடியோடு வாழ்ந்தவர். நான் கேமராவோடு குனிந்து கிடப்பதைப் பார்த்து, "என்னங்க தம்பி, வண்டா தேடறீங்க? வாங்க, நான் காட்டறேன்" என்று கூட்டிப் போனார். அவர் காட்டியது காபி விவசாயிகளின் பெரிய எதிரி, வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ஒல்லியான கறுப்பு வண்டு, முதுகில் வெள்ளைக் கோடுகள். அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு அரபிகா தண்டுக்குள் சுரங்கம் போட்டுச் செடியையே சாகடித்துவிடும். கொஞ்சம் நிழல் குறைந்த ஒரு மூலையில், வெயில் விழும் தண்டின் மேல் அந்த வண்டு விறுவிறுவென்று ஏறியது.

"எப்பவும் வெயில் படற செடியத்தான் பாக்கும்ங்க. நல்லா நிழல் இருந்தா அண்டாது. அதுக்குத்தான் எங்கப்பா காலத்துல இருந்து மரத்த விட்டு வச்சிருக்கோம்" என்றார். தண்டின் பட்டை வெடிப்பில்தான் முட்டையிடும் என்பதால் தேய்த்து வழவழப்பாக்கி வைப்பார்களாம். புழு ஏறிவிட்ட செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை.

எனக்கு அந்தப் பேச்சில் ஒரு விஷயம் விளங்கியது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் சேர்வராயன் மலையின் காடு பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. கோயில்காடுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் விட்டால், இங்கே பசுமை மாறாக் காடு மிச்சமிருப்பது காபிக்கு மேலே நிழலாக நிற்கும் மரங்களில்தான். வண்டு வராமலிருக்க மேஸ்திரியின் அப்பா விட்டுவைத்த அதே பலாவும் அத்தியும்தான் நான் தேடி வந்த பூச்சிகளுக்கும் வீடு. பல தோட்டங்களில் அந்த இடத்துக்குச் சில்வர் ஓக் வந்துவிட்டது. ஆஸ்திரேலிய மரம், நேராக வளரும், சீக்கிரம் வளரும், மிளகு ஏற்ற வசதி, வெட்டினால் காசு. தோட்டக்காரர் கணக்கு எனக்குப் புரிகிறது, ஒரு நிழல் மரம் விழுந்தால் அவருக்கு எத்தனை காபிச் செடி நசுங்கும் என்பதும் தெரியும். ஆனாலும் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் சரிவில் பாதி நேரம் கேமராவைத் தூக்கவே வேலை வரவில்லை. அதன் இலையில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழுவைக்கூட நான் இதுவரை கண்டதில்லை.

ஓரத்தில் நின்ற ஒரு பழைய மாமரத்தில் புல்லுருவி படர்ந்திருந்தது. தோட்டத்தில் புல்லுருவியைக் கண்டால் வெட்டுவார்கள், மரத்தின் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்பதால். இதை எப்படியோ விட்டிருக்கிறார்கள். பழத்தைப் பூக்கொத்திக் குருவி தின்று, பசை ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அப்படித்தான் புல்லுருவி மரத்துக்கு மரம் தாவுகிறது. அந்தக் கொத்தைச் சுற்றி ஜெசபெல் வண்ணத்துப்பூச்சி ஒன்று வட்டமிட்டது. மேல்பக்கம் பார்த்தால் வெறும் வெள்ளை, கறுப்புக் கோடு. உட்கார்ந்து இறக்கையை மூடினால் அடிப்பக்கம் மஞ்சளும் செந்நிறமுமாகத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். மர உச்சியிலேயே பறப்பதால் கண்மட்டத்தில் சிக்காது. புல்லுருவி தாழ்ந்த கிளையில் இருந்ததால் இன்று இறங்கி வந்தது. இலையின் அடியில் பின்னுடலை மடித்து முட்டை வைக்க ஆரம்பித்தது, ஒன்றிரண்டல்ல, ஒரு கொத்தாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, எல்லாம் நிமிர்ந்து நிற்கும்படி. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். பொரிந்த பிறகும் புழுக்கள் பிரிந்து போகாமல் கூட்டமாகவே தின்னும்.

மேஸ்திரியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். ஓரத்து மரம்தானே, இந்தக் கொத்தை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று. "முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேன் தம்பி. ஓரத்து மரத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். சாயங்காலம் முதலாளியும் சரி என்றுவிட்டார். இன்றைக்கு எடுத்த எந்தப் படத்தையும்விட எனக்கு இதில்தான் சந்தோஷம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தங்கியிருக்கும் வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு போட்டோம். தோட்டத்துக்குள் என்பதால் சொந்தக்காரர் அனுமதி போதும். காப்புக்காட்டில் இதைச் செய்ய வனத்துறை அனுமதி வாங்கியாக வேண்டும். முதலில் சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள், பிறகு பச்சைக் கவசம் போட்ட ஒரு பெரிய வண்டு, அப்புறம் பத்து மணி தாண்டி மூன் மாத் வந்தது. வெளிர்பச்சை, உள்ளங்கை நிறைய, பின்னிறக்கையில் நீண்ட இரண்டு வால்கள் முறுக்கிக்கொண்டு. வேட்டியில் உட்காரக்கூட முடியாமல் படபடத்துக் கடைசியில் பையன் தோளில் அமர்ந்தது. அவன் அசையவே இல்லை. வளர்ந்த மூன் மாத்துக்கு உண்ண வாய் கிடையாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் போல வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும். அந்த வால் அழகுக்கு என்று நினைத்திருந்தான். வௌவால் ஒலியை அனுப்பி எதிரொலியில் இரை தேடும், சுழலும் வாலில் அந்த எதிரொலி சிதறுவதால் அது உடம்பை விட்டுவிட்டு வாலைக் கடிக்கும். இதன் அமெரிக்க உறவான லூனா மாத்தை வைத்து 2015ல் செய்த ஆய்வில், வால் உள்ளவை வால் இழந்தவற்றைவிட அதிகம் தப்பித்தன. பத்து நிமிஷத்தில் விளக்கை அணைத்துவிட்டோம். ஒரு வார ஆயுளில் ஒரு ராத்திரியை நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஞாயிறு

மத்தியானம் வரை மழை. ஏரிக்கரைப் பக்கம் போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லை.

மழை நேரத்துப் பேச்சில் சேலத்தின் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கிய ஒரு மரச்சிலந்தி இருப்பதைப் பையனுக்குச் சொன்னேன். சேலம் ஆர்னமென்டல், 1899ல் ஆங்கிலேய விலங்கியலாளர் போகாக் விவரித்தது, மரப்பொந்தில் வாழும் உள்ளங்கை அளவுச் சிலந்தி. இன்று அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் தேவை பொந்து விழும் அளவுக்கு வயசான மரம்தான்.

மழை விட்டதும் தோட்டத்துக் கல்சுவரோரம் நடந்தோம். சுவர் இடுக்கில் ரணகள்ளி முளைத்திருந்தது. இலையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கச் சொன்னேன். கிள்ளாமல்தான். தடித்த இலைக்குள்ளே ஒரு பகுதி கண்ணாடி மாதிரி தெளிந்து, அதற்குள் ஒரு புழு நகர்வது நிழலாகத் தெரிந்தது. ரெட் பியரோ வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே புகுந்து சதையை மட்டும் தின்று, தீர்ந்ததும் அடுத்த இலைக்குப் போகும். மழையும் குருவியும் அதைத் தொட முடியாது. ஃபிளாஷைக் கையில் கழற்றி இலைக்குப் பின்னால் பிடித்து எடுத்தேன். நரம்புகளும் புழுவும் ஒரே சட்டத்தில் விழுந்தன. பூச்சிப் படத்தில் இவ்வளவு தெளிவான வீட்டுப்படம் எனக்கு அமைந்ததில்லை.

ரணகள்ளி மடகாஸ்கரிலிருந்து வந்த செடியாயிற்றே என்று கேட்பீர்கள். வெளியூர்ச் செடி எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. இதே குடும்பத்துச் செடிகள் நம் மலைகளிலும் உண்டு, அவற்றைத் தின்று பழகிய புழுவுக்கு ரணகள்ளியும் ஒத்துக்கொண்டது. எந்த இலையை எந்த வாய் ஏற்கும் என்பதை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

திங்கள், சேலம் திரும்பி

காலையில் சேர்வராயன் கோயில். மலையின் உயர்ந்த இடம், 1,600 மீட்டருக்கு மேல். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். உச்சி தட்டையான புல்வெளி, காற்று எப்போதும் அடிக்கும். காற்று மேக்ரோவுக்கு ஆகாது, ஆனாலும் உச்சிக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. சில வகை வண்ணத்துப்பூச்சி ஆண்கள் பெண்ணுக்காக மலையுச்சியில் வந்து காத்திருக்கும். பெயின்டட் லேடி ஒன்று ஒரு பாறையைத் தன் இடமாக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போன எல்லாவற்றையும், ஒரு தும்பியைக்கூட, துரத்திவிட்டுத் திரும்பி அதே பாறையில் உட்கார்ந்தது. திரும்பி வரும் இடம் தெரிந்துவிட்டதால் நாங்கள் பாறையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதுமாயிருந்தது.

கோயிலுக்குக் கீழே, காற்று மறைந்த பள்ளத்தில் கிலுகிலுப்பைச் செடிகள். காய் முற்றி, ஆட்டினால் சத்தம் போடும் பருவம். அதில் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பூவில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வாடிய இலையிலும் தண்டிலும். நகத்தால் இலையைச் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கிட்டே படுத்துப் பார்த்தால் அந்தச் சுரண்டல் தெளிவாகத் தெரிந்தது. முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால், நடுவில் உறிஞ்சுகுழல் இலையைத் தடவித் தேடுகிறது. அந்தச் சாற்றிலிருக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளை வைத்துத்தான் ஆண்கள் பெண்ணை அழைக்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. தின்னவரும் பறவைக்கு அது கசப்பு. சாற்றில் மெய்மறந்திருப்பதால் லென்ஸ் ஒரு சாண் தூரம் வந்தும் விலகவில்லை. 1/200 நொடி, எஃப் 11, ஐஎஸ்ஓ 400. கறுப்பு இறக்கைக்குச் சரியாக வைத்தால் நீலப் புள்ளி வெளுத்துவிடும், அதனால் ஃபிளாஷை ஒரு படி குறைத்துக்கொண்டேன்.

இவை பருவமழையை ஒட்டிக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கிற வகைகள். வழியில் சேலம் சமவெளியையும் கடந்தாக வேண்டும். ஊருக்குள் காலி மனையில் ஒரு கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ முளைத்திருந்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அவற்றுக்கு வழிச்சத்திரம்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019ல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இந்த முறை கண்ணில் படவில்லை. அதன் புழு தின்னும் மரவெட்டி மரத்தைத் தேடி ஓடைப் பள்ளங்களில் இறங்க நேரம் போதவில்லை. அடுத்த தடவை அதற்காகவே போக வேண்டும்.

இறங்கும்போது குப்பனூர் சாலை வழியாக வந்தோம். கூட்டம் குறைவு, ஓரத்தில் நின்று பார்க்க இடம் உண்டு. ஆனால் சில இடங்களில் சாலையோரப் புதரை வேரோடு வழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். திருப்பங்களில் பார்வை மறைக்கும் புதரை வெட்டுவது நியாயம். நேர்ச் சாலையிலும் ஏன் வழிக்க வேண்டும்? ஈஸ்வரமூலி போன்ற கொடிகளுக்கு இப்போது மிச்சமிருக்கும் இடம் இந்த ஓரங்கள்தான்.

வீட்டுக்கு வந்து தட்டுவடை செட் வாங்கிவைத்துக்கொண்டு படங்களைப் பிரித்தோம். பெயர் உறுதியானவற்றை, உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுகிறேன், ஒவ்வொன்றிலும் பூச்சியின் பெயரோடு அது உட்கார்ந்திருந்த செடியின் பெயரையும் சேர்த்து. பையன் புழு இருந்த இலைகளைத் தனியாக எடுத்து ஒரு கோப்பில் போட்டிருக்கிறான். அதில் சில செடிகளுக்கு எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், காம்பு, காய் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறான். நாளைக்குப் போடுகிறேன், ஏற்காட்டுச் செடிகள் பழக்கமுள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். மலையில் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பேரே போதும்.